மூன்று தொடர், ஒரு சூளை: விருத்தாசலம் போடும் மார்க்

கொரியத் தொடர் பார்ப்பவர்களிடம் "அதில் அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ரெடியாக வரும். ஹீரோ அழகு. பதினாறே எபிசோடில் கதை முடிந்துவிடும். மாமியார் கொடுமை கிடையாது.

மூன்றாவது பதிலை மட்டும் நம்ப வேண்டாம். கொரிய மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. பணம் வைத்த உறையை மேஜையில் தள்ளி, "என் பையனை விட்டு விலகிடு" என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவள் முகத்தில் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் போவார்.

உண்மையான காரணம் வேறு ஒன்று இருக்கிறது. அந்தக் கதைகளில் வருகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2003இல் வந்த 'டே ஜாங் கும்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 54 எபிசோட். நாயகி முதலில் அரண்மனைச் சமையல்காரி, பிறகு வைத்தியர். அவள் சமையலையும் வைத்தியத்தையும் எடுத்துவிட்டால் கதையே நகராது. நம்மூர் சீரியலில் ஹீரோ "கம்பெனி"க்குப் போவார். அது என்ன கம்பெனி, அங்கே என்ன செய்கிறார்கள் என்பது கடைசி எபிசோட் வரை தெரியாது. எல்லாம் அப்படி இல்லைதான். 2003இல் தொடங்கி 2009 வரை ஓடிய 'கோலங்கள்' அபி கட்டுமானத் தொழில் நடத்தியதை இன்றும் பலர் மறக்கவில்லை. ஆனால் அதுபோல் எத்தனை சொல்ல முடியும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, கொரியாவும் ஜப்பானும் வேலையை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகின்றன? இதைச் சோதிக்கத் தமிழ்நாட்டிலேயே பொருத்தமான ஊர் ஒன்று இருக்கிறது: விருத்தாசலம்.

ஏன் விருத்தாசலம்?

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன் நினைவுக்கு வரும். ஆனால் கொலுப்படியில் இருக்கும் பளபளப்பான பீங்கான் பொம்மையோ கார்த்திகைக்கு வாங்கிய பீங்கான் அகலோ இந்த ஊரிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டும்போது மேலே வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. மண் அருகில் இருந்ததால் தொழிலும் வந்தது. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் படிப்பு சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது.

பொம்மை எப்படி வருகிறது தெரியுமா? மண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரமாக மண் ஒட்டிக் கெட்டியாகும். நடுவில் மிஞ்சிய கூழை வடித்துவிட்டு, அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. அதைக் காயவைத்து, ஓரம் தேய்த்து, சூளையில் சுட்டு, வண்ணமும் மெருகும் ஏற்ற வேண்டும். ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சூளைக்குள் வெடிக்கும். ஒரு பொம்மை வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் போச்சு.

இந்த வேலையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் என்ன சொல்வார்? மண்ணும் சூளையும் வரும் மூன்று தொடர்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் தொடர்: கையில் மண் ஒட்டாத பணக்காரன்

தமிழ்க் குரலில் கொரியத் தொடர்களை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்ததில் புதுயுகம் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட தொடர் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்'. 2009இல் கொரியாவில் வந்த 25 எபிசோட் தொடர். மூலக்கதை ஜப்பானியக் காமிக்ஸ். அதைத் தைவானும் ஜப்பானும் அதற்கு முன்பே தொடராக எடுத்துவிட்டன.

நான்கு பணக்காரப் பையன்களில் ஒருவன் சோ யி-ஜங். நடித்தவர் கிம் பம். ஜப்பானிய மூலத்தில் இந்தப் பாத்திரம் தேநீர்ச் சடங்கு நடத்தும் பரம்பரையைச் சேர்ந்தவன். கொரியர்கள் அவனைப் பீங்கான் கலைஞனாக மாற்றினார்கள். தங்கள் நாட்டுப் பெருமை எது என்று யோசித்தபோது அவர்களுக்குப் பானைதான் நினைவுக்கு வந்தது. இதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் வேலை? சக்கரத்துக்கு முன்னால் அழகாக உட்காருகிறான், அழகாகச் சோகப்படுகிறான். சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. களிமண்ணைப் பிசைந்து காற்றை வெளியேற்றுவதில்தான் ஒரு குயவரின் பாதி முதுகுவலி இருக்கிறது. அது திரையில் வருவதே இல்லை. போதாக்குறைக்கு, ஒரு பெண்ணைப் பள்ளியே கூடித் துன்புறுத்துவதைக் காதலுக்கு முன்னுரையாகக் காட்டும் கதை இது. வீட்டில் பிள்ளைகள் பார்த்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

சூளைக்காரர் போடும் மார்க்: பத்துக்கு மூன்று. அதிலும் இரண்டு, பானையை மதித்ததற்கு.

இரண்டாவது தொடர்: இளவரசன் வந்தான், கதை போச்சு

2013இல் எம்.பி.சி. ஒளிபரப்பிய 'காடஸ் ஆஃப் ஃபயர்' 32 எபிசோட் சரித்திரத் தொடர். ஜோசன் அரசு காலத்தில் ஒரு பெண் பீங்கான் கலைஞர் ஆவதுதான் கதை. நாயகி மூன் குன்-யங். அரசுச் சூளை, மண் வகைகள், மெருகு ரகசியம், தீயின் அளவு என்று தொழில் நிறையவே வருகிறது. இங்கே சட்டை அழுக்காகிறது. முதல் தொடருக்கு இது எவ்வளவோ மேல்.

இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜப் பெண் இருக்கிறார். 1592 முதல் 1598 வரை ஜப்பான் கொரியா மீது படையெடுத்தது. திரும்பும்போது ஜப்பானியத் தளபதிகள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிச் சென்றார்கள். அந்தப் போரையே "பானைப் போர்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் போன யி சாம்-பியோங் என்பவர்தான் 1616 வாக்கில் அரிட்டாவில் நல்ல வெள்ளை மண்ணைக் கண்டுபிடித்து, ஜப்பானியப் பீங்கானுக்குத் தொடக்கம் தந்தவர் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. அரிட்டாவில் தோசான் என்ற கோயில் இருக்கிறது. அதன் வாயில் வளைவே பீங்கானால் ஆனது. யி சாம்-பியோங்குக்கு அங்கே நினைவுத்தூணும் உண்டு.

அதே போரில் கணவரோடு ஜப்பானுக்குப் போனவர்தான் பேக் பா-சன். இது அவருடைய இயற்பெயர்கூட இல்லை. முதுமையில் கிடைத்த மரியாதைப் பெயர். கணவர் இறந்த பிறகு, நூற்றுக்கணக்கான குயவர்களை அழைத்துக்கொண்டு அரிட்டாவுக்குப் போய் அங்கே சூளை வைத்தார். 1656இல் 96 வயதில் இறந்ததாக அவரது சந்ததியார் வைத்த நினைவுக்கல் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்நிய நாடு, தெரியாத மொழி, கணவரும் இல்லை. தன்னை நம்பி வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும், மண் தேட வேண்டும், சூளை கட்ட வேண்டும். எவ்வளவு பெரிய கதை! தொடர் என்ன செய்தது? அவளைக் கல்யாணமாகாத இளம்பெண்ணாக்கி, இளவரசன் குவாங்ஹேயோடு காதல் வைத்தது. ஜப்பானுக்குக் கிளம்புவதோடு கதையை முடித்துக்கொண்டது. அசல் வாழ்க்கை தொடங்கும் இடத்தில் 'சுபம்' போட்டுவிட்டார்கள்.

இது கொரியாவுக்கு மட்டுமான வியாதி இல்லை. வேலை செய்யும் பெண்ணின் கதையை எடுத்தாலும், அவளுக்குப் பின்னால் ஒரு இளவரசனை நிறுத்தாவிட்டால் நம்மூர்த் தயாரிப்பாளருக்கும் தூக்கம் வராது.

மார்க்: பத்துக்கு ஐந்து.

மூன்றாவது தொடர்: விறகு வாங்கக் காசு ஏது?

ஜப்பானின் அரசு சார்ந்த ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் காலைத் தொடர் என்று ஒரு வழக்கம் உண்டு. தினம் 15 நிமிடம், பெரும்பாலும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். 1983இல் வந்த 'ஓஷின்' இந்த வகைதான். அது ஒரு வருடம், 297 எபிசோட் ஓடி, இலங்கை உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது.

அதே வரிசையில் 2019 செப்டம்பர் கடைசியில் தொடங்கி 2020 மார்ச்சில் முடிந்தது 'ஸ்கார்லெட்'. நாயகி கிமிகோவாக டோடா எரிகா. கதை நடக்கும் ஊர் ஷிகராகி. நம் விருத்தாசலத்தைப் போலவே மண்ணால் பிழைக்கும் ஊர். விருத்தாசலத்துக்குக் கொலு பொம்மை என்றால், ஷிகராகிக்குத் தொப்பை தள்ளிய 'தனுகி' பொம்மை. நரி மாதிரி ஒரு பிராணி. ஜப்பானில் பல கடை வாசலில் நிற்கும்.

கடன் தொல்லையால் குடும்பத்தோடு ஷிகராகிக்கு வரும் சிறுமி கிமிகோ, வளர்ந்ததும் ஒரு பீங்கான் கம்பெனியின் சாப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே செய்வது கணப்புச் சட்டி: குளிருக்குக் கரி போட்டு வைக்கும் பெரிய பீங்கான் பாத்திரம். அதில் ஓவியம் தீட்டுவது ஆண்கள் வேலை. அவள் அதைக் கற்றுக்கொள்கிறாள். கற்றுத் தேறும்போது வீடுகளுக்கு நவீன ஹீட்டர் வந்துவிடுகிறது. கணப்புச் சட்டி விற்கவில்லை. கம்பெனி பூந்தொட்டிக்கு மாறுகிறது.

இந்த இடத்தில் விருத்தாசலத்துக்காரர் நிமிர்ந்து உட்காருவார். நம் வீட்டு மெயின் போர்டில் இருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் எங்கே? எம்.சி.பி. சுவிட்ச் வந்தது, அவை போயின. ஊறுகாய் ஜாடி எங்கே? பிளாஸ்டிக் டப்பா வந்தது, அதுவும் பரணுக்குப் போனது. ஒரு பொருள் வழக்கொழிந்தால் ஒரு ஊரின் அடுப்பு எப்படித் தணியும் என்பதை வசனமே இல்லாமல் காட்டுகிறது இந்தத் தொடர்.

பிறகு வருகிறது உயிரான பகுதி. மேலே எதுவும் பூசாமல், விறகுச் சாம்பல் தானாக விழுந்து உருகிப் பச்சைக் கண்ணாடிபோல் படியும் பழைய முறை ஒன்று உண்டு. அதை மீட்டெடுக்கக் கிமிகோ சொந்தமாகச் சூளை கட்டுகிறாள். நாள் கணக்கில் இரவும் பகலும் விறகு போட வேண்டும். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கட்டுப் பணம் சாம்பலாகிறது. கணவரும் குயவர்தான், நல்ல மனிதர்தான். "போதும், நிறுத்திக்கலாம்" என்கிறார். குழந்தை இருக்கிறது, சேமிப்பு கரைகிறது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவள் நிறுத்தவில்லை. சூளை ஒருநாள் ஜெயிக்கிறது, கல்யாணம் தோற்கிறது.

இந்தக் கதையில் வில்லனும் இல்லை, விஷமும் இல்லை. விறகு விலைதான் வில்லன்! எரிபொருள் செலவைக் கணக்குப் போட்டே சூளை மூட்டும் எவருக்கும் இது புரியும்.

குறையும் உண்டு. மெதுவாகப் போகிறது. ஒரு நிமிடம் யாரும் பேசாமல் தேநீர் குடிப்பார்கள். நம் பாட்டி, "என்னம்மா, டிவி நின்னுபோச்சா?" என்று கேட்கக்கூடும். இருந்தாலும் மார்க்: பத்துக்கு ஒன்பது.

மிச்சமிருக்கும் கேள்வி

கொரியத் தொடரில் "அப்பா" என்று கூப்பிடுவது கேட்டு நாம் சந்தோஷப்படுகிறோம். காதலனை "ஒப்பா" என்றால் அதற்கு "அண்ணா" என்று பொருள் தெரிந்ததும் சிரிக்கிறோம். சிரிக்கலாம், ரசிக்கலாம். கூடவே ஒன்றைக் கவனிக்கலாம். அவர்கள் நமக்கு விற்றது காதலை மட்டும் இல்லை. தங்கள் பானையை, சாப்பாட்டை, மண்ணையும் சேர்த்துத்தான். ஷிகராகி எங்கே இருக்கிறது என்று சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு ஒரு தொடரால் தெரிந்துவிடும். தன் வீட்டுக் கொலுவில் இருக்கும் செட்டியார் பொம்மை எந்த ஊரில் சுடப்பட்டது என்று அவளுக்கு யார் சொல்வது?

அச்சைப் பிரிக்கும்போது பொம்மையின் மூக்கு உடையாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பெண்ணைத் தமிழ் சீரியலின் நாயகியாக்க, இளவரசனும் வேண்டாம், வெளிநாட்டு லொக்கேஷனும் வேண்டாம். விருத்தாசலத்துக்கு ஒரு ரயில் டிக்கெட் போதும்.

அதுவரை, இந்த நவராத்திரிக்குப் பொம்மை வாங்கும்போது, "இது எந்த ஊர் பொம்மைங்க?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் விருத்தாசலம் என்று வந்தால், பொம்மையைக் கொஞ்சம் பத்திரமாகவே பொட்டலம் கட்டச் சொல்லுங்கள்.