கருவிழிக்குள் வளையம்: கண்ணாடி போய்விடுமா?

ப்ளஸ் டூ, கல்லூரி வயதில் சிலருக்குக் கண்ணாடி பவர் அடிக்கடி மாறும். அதிலும் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகும். புதுக் கண்ணாடி போட்டாலும் எழுத்து நிழலடிக்கும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரியும். ‘எப்பப் பாரு செல்போன்’ என்று வீட்டில் திட்டு விழும். ஆனால், காரணம் ‘கெரட்டோகோனஸ்’ என்ற நோயாகவும் இருக்கலாம்.

நம் கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். இந்த நோயில் அது இன்னும் மெலிந்து, கூம்பு போல முன்னால் துருத்திக்கொள்ளும். அலர்ஜியால் அரிக்கும் கண்ணை அழுத்தித் தேய்ப்பது இதை மோசமாக்கும். வடிவமே கோணலாகிவிடுவதால் சாதாரணக் கண்ணாடியால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. விசேஷ கான்டாக்ட் லென்ஸ் நல்ல பார்வை தரும். அதை அணிய முடியாதவர்களுக்கு ஒரு வழிதான் கருவிழி வளையம்.

சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, கருவிழியின் உள்ளடுக்கில் லேசர் மூலம் மெல்லிய சுரங்கப் பாதை அமைப்பார்கள். அதில் பிறை வடிவப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றையோ இரண்டையோ செருகுவார்கள். அது ஓரத்தில் இடம் பிடித்ததும் நடுப்பகுதி இழுபட்டு, சற்றுத் தட்டையாகும். அமெரிக்காவில் கெரட்டோகோனஸுக்கு இதைப் பயன்படுத்த 2004-ல் அனுமதி கிடைத்தது. பிளாஸ்டிக்குக்குப் பதில் தானமாகப் பெற்ற கருவிழியிலிருந்தே வளையம் செய்யும் ‘கெய்ர்ஸ்’ முறையை உருவாக்கியவர், சென்னை கண் மருத்துவர் சூசன் ஜேக்கப்.

சரி, பலன் எப்படி? பெரும்பாலானோருக்குக் கோணல் குறைந்து பார்வை மேம்படுகிறது. ஆனால், பலருக்குக் கண்ணாடியோ லென்ஸோ தொடர்ந்து தேவைப்படும். முன்பு கண்ணாடி போட்டும் தெரியாத எழுத்து, இப்போது கண்ணாடியோடு தெரியும் என்பதே பலருக்குக் கிடைக்கும் லாபம். சிலருக்குப் பெரிய மாற்றம் இருக்காது. இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். அரிதாகத் தொற்று வரலாம், வளையம் நகரலாம். அப்படி நேர்ந்தால் அதை வெளியே எடுத்துவிட முடியும்.

முக்கியமான விஷயம்: வளையம் வடிவத்தைத்தான் திருத்தும், நோயை நிறுத்தாது. நோய் முற்றாமல் தடுக்க, வைட்டமின் பி2 சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்ட ‘சி3ஆர்’ சிகிச்சை இருக்கிறது. தேவையைப் பொறுத்து இரண்டையும் செய்வதுண்டு. கருவிழி மிகவும் மெலிந்துவிட்டாலோ, நடுவில் தழும்பு விழுந்துவிட்டாலோ வளையம் பொருந்தாது. அந்த நிலையில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைதான் வழியாகலாம்.

எனவே, வளையத்துக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நோய் இன்னும் வளர்கிறதா? சி3ஆர் தேவையா? வளையத்துக்குப் பிறகும் கண்ணாடி வேண்டியிருக்குமா? வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் ‘டோப்போகிராபி’ என்ற கருவிழி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. கண் அரித்தால் தேய்க்காமல், அலர்ஜிக்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்தைப் போடுங்கள்.