சிரிக்க வைத்ததற்கு மன்னிப்பா?

போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் கிரிவலம். ரமணாசிரமத்தைத் தாண்டும்போது கூட வந்த இலக்கிய நண்பர் சொன்னார்: "கிரேசி மோகன் ரமணர் மேல வெண்பா எழுதியிருக்கார், தெரியுமா? ஆள் வெறும் காமெடி ரைட்டர் இல்லப்பா." பாராட்டாகத்தான் சொன்னார். அந்த 'வெறும்' மீதி நடை முழுக்க எனக்கு முள்ளாகக் குத்தியது.

கிண்டியில் மெக்கானிக்கல் படித்து, கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு எழுத வந்தவர். 1976இல் எஸ்.வி.சேகருக்காக 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்', 1979இல் சொந்தக் குழு, அப்புறம் சினிமா, தொலைக்காட்சித் தொடர்கள். 2019 ஜூனில் இறந்தபோது நான் வாசித்த அஞ்சலிகள் பெரும்பாலும் கமல் படங்களின் பட்டியலாகவே இருந்தன. தொடர்களுக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

தொடர்தான் கஷ்டமான வேலை என்பேன். நாடகத்தை மேடைக்கு மேடை திருத்தலாம். சினிமாவுக்கு மாதக்கணக்கில் நேரம் உண்டு. தொடரில் அதே சோபா, அதே நாலு பேர். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுச் சிக்கல், விளம்பரத்துக்கு முன்னால் ஒரு சிரிப்பு. ஒருவர் ஒரு சொல்லை ஒரு பொருளில் சொல்வார், அடுத்தவர் வேறு பொருளில் பிடிப்பார், மூன்றாமவர் அந்தத் தப்பான பொருளுக்குப் பொறுப்பாகப் பதில் சொல்வார். இதில் ஒரு சொல் இடம் மாறினாலும் சிரிப்பு செத்துவிடும். தளை தட்டிய வெண்பா மாதிரி. இரண்டும் ஒரே கையின் வேலை. ஒன்றுக்கு இன்னொன்று எப்படிப் பிராயச்சித்தம் ஆகும்?

குறையே இல்லையா? இருக்கிறது. அவர் உலகம் நடுத்தர வர்க்க வரவேற்பறையை அதிகம் தாண்டவில்லை. நாயகிக்குத் திரும்பத் திரும்ப ஜானகி என்றே பெயர். மாதுவுக்குக் கிடைக்கும் வரிகள் ஜானகிக்குக் கிடைப்பதில்லை. தாராளமாக எழுதுங்கள். ஆனால் அதற்கு முதலில் அவரைப் படிக்கணும். 'கடி ஜோக்' என்று ஒதுக்குவது விமர்சனம் இல்லை, சோம்பேறித்தனம்.

டீக்கடையில் உட்கார்ந்ததும் அதே நண்பர் 'மைக்கேல் மதன காமராஜன்' சாம்பாரில் மீன் விழுகிற காட்சியை நடித்தே காட்டினார். வசனம் அட்சரம் பிசகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக மனப்பாடமாக இருக்கும் உரைநடையை இலக்கியம் என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

நாவலின் முதல் பதிப்புக்காகப் பழைய புத்தகக் கடைகளில் அலைகிறோம். ஒரு நகைச்சுவைத் தொடரின் எழுத்துப் பிரதி எங்கே இருக்கிறது என்று நம்மில் ஒருத்தராவது கேட்டிருக்கிறோமா?