எஸ்பிரெசோவுக்குத் துணையாக எந்தக் குமிழித் தண்ணீர்? விலையை விடுங்க, லேபிளைப் பாருங்க



"டாக்டர், எஸ்பிரெசோ கூட குடிக்க எந்த ஸ்பார்க்ளிங் வாட்டர் பெஸ்ட்? சான் பெல்லெக்ரினோவா, பெர்ரியேவா? இல்ல நம்ம ஊர் சோடாவே போதுமா?"

உள்பெட்டியில் அடிக்கடி வரும் கேள்வி இது. என் பதில் சின்னதுதான்.

சோடியம் குறைவாக, பைகார்பனேட் குறைவாக, சர்க்கரையோ எலுமிச்சை வாசனையோ சேர்க்காமல், கையைக் கடிக்காத விலையில் கிடைக்கும் எந்தக் குமிழித் தண்ணீரும் போதும். அது கிடைக்கவில்லையா? நல்ல குடிதண்ணீர் போதும்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "அதுல மினரல்ஸ் இருக்கு டாக்டர்", "காபியோட ஆசிடை அது நியூட்ரல் பண்ணும்", "காபி உடம்புத் தண்ணியை உறிஞ்சிடும், இது ஈடு கட்டும்", "ஜீரணத்துக்கு நல்லது" என்று வரிசையாகப் பதில் வருகிறது.

ருசிக்காகக் குடிக்கிறீர்களா? தாராளமாகக் குடியுங்கள். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் ருசிக்கான ஒரு பொருளை மருந்து போல விற்கும்போதுதான் வழக்கு ஆரம்பிக்கிறது.

வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், காபியுடன் தண்ணீர் எதற்கு?

எஸ்பிரெசோ என்பது 7 முதல் 9 கிராம் காபித்தூளில், சுமார் 9 பார் அழுத்தத்தில், 25 முதல் 30 விநாடிக்குள் இறக்கும் 25-30 மில்லி டிகாக்‌ஷன். இரண்டு மூன்று மடக்கில் முடிந்துவிடும். அந்த இரண்டு மூன்று மடக்கில் கசப்பு, புளிப்பு, இனிப்பு, வறுத்த மணம் எல்லாம் நாக்குக்குத் தெரிய வேண்டும் என்றால், முன்பு சாப்பிட்ட பொருளின் ருசி வாயில் மிச்சம் இருக்கக் கூடாது.

அதனால்தான் இத்தாலியில், குறிப்பாக நேப்பிள்ஸ் பக்கம், காபிக்கு முன்னால் ஒரு சிறு கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள். முதலில் தண்ணீர், பிறகு காபி. வாயைக் கழுவிக்கொள்ளும் வேலை. அவ்வளவுதான் அதன் தத்துவம்.

காபியோடு தண்ணீர் தருவதற்கு உலகப் புகழ் பெற்ற இன்னொரு ஊர் வியன்னா. வெள்ளித் தட்டில் காபி, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், அதன் மேல் கவிழ்த்து வைத்த கரண்டி.

அந்தக் கிளாஸில் இருப்பது என்ன தெரியுமா?

குழாய்த் தண்ணீர்.

ஆமாம், ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளில் இருந்து 1873 முதல் குழாய் வழியாக அந்த நகரத்துக்கு வரும் சாதாரணக் குடிதண்ணீர். குமிழியும் இல்லை, பச்சை பாட்டிலும் இல்லை. வியன்னாக்காரர்களின் காபி அதனால் குறைந்துபோய்விடவில்லை.

சரி, அப்படியென்றால் குமிழி எதற்கு?

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும். நம் நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேல் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது இந்த வாயுவை அமிலமாக மாற்றித் தருகிறது. அந்த அமிலம் புளிப்பு செல்களையும் தூண்டும், வலியை உணரும் நரம்பு நுனிகளையும் தூண்டும். சோடா குடித்தால் வரும் அந்த "சுர்ர்" இதுதான்.

குமிழி வெடித்து நாக்கைக் குத்துகிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறோம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், குமிழியே உருவாக முடியாத அளவுக்குக் காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து சோடா கொடுத்தார்கள். குமிழி இல்லை. "சுர்ர்" அப்படியே இருந்தது.

எங்களுக்கு இது கொஞ்சம் பழகிய விஷயம். கண் அழுத்தத்துக்கு அசெட்டசோலமைடு மாத்திரை கொடுப்போம். அது இந்த என்சைமைத் தடுக்கும் மருந்து. அதைச் சாப்பிடுபவர்களுக்கு சோடா சப்பென்று இருக்கும்.

ஆக, குமிழித் தண்ணீர் நாக்கை ஒரு தட்டு தட்டி எழுப்புகிறது. வாய் சுத்தமானது போன்ற உணர்வும் வருகிறது. இது உண்மையான பலன்.

ஆனால் இது நாக்கோடு முடிந்துபோகும் பலன். இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் இதில் ஒன்றும் இல்லை.

அந்த "சுர்ர்" அதிகமானால் என்ன ஆகும்? அடுத்து வரும் காபியின் மெல்லிய புளிப்பை அதுவே அமுக்கிவிடும். அதனால் காபிக்கு முன் குடிக்கும் தண்ணீரில் வாயு மிதமாக இருந்தால் நல்லது. ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீரில் வாயு அதிகம் கரைந்திருக்கும். 0 டிகிரியில் கரைவதில் பாதி அளவுதான் 20 டிகிரியில் கரையும். ஆகவே திறந்த பாட்டிலை ஐந்து நிமிடம் அப்படியே விட்டாலே காரம் கொஞ்சம் இறங்கிவிடும். இதற்குத் தனி பிராண்ட் வாங்க வேண்டியதில்லை.

இப்போது லேபிளுக்கு வருவோம். உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் எண்களில் இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று பைகார்பனேட். இன்னொன்று சோடியம்.

லிட்டருக்குத் தோராயமான அளவுகள் இவை. ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும்.

👉 பெர்ரியே: பைகார்பனேட் 400 மி.கி., சோடியம் 10 மி.கி.

👉 சான் பெல்லெக்ரினோ: பைகார்பனேட் 240 மி.கி., சோடியம் 30 மி.கி. சொச்சம். சல்ஃபேட் 400 மி.கி.க்கு மேல்.

👉 ஜெர்மனியின் கெரோல்ஸ்டைனர்: பைகார்பனேட் 1800 மி.கி., சோடியம் 120 மி.கி.

👉 ஸ்பெயினின் விச்சி கத்தலான்: பைகார்பனேட் 2000 மி.கி.க்கு மேல், சோடியம் 1100 மி.கி.

நான்குக்கும் பெயர் ஸ்பார்க்ளிங் வாட்டர்தான். ஆனால் முதலாவதுக்கும் நான்காவதுக்கும் சோடியத்தில் நூறு மடங்கு வித்தியாசம்!

பைகார்பனேட் என்றால் ஆப்ப சோடாவில் இருக்கும் அதே சங்கதி. புளிப்பை முறிக்கும். அது நாக்கில் தங்கியிருக்கும்போது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காபியின் பழப்புளிப்பு தட்டையாகிப்போகும். "மினரல்ஸ் அதிகம், அதனால் காபிக்கு உகந்தது" என்ற விளம்பரம் ருசிக் கணக்கிலேயே தோற்றுப்போகிறது பாருங்கள்.

சோடியம் ருசிக் கணக்கு மட்டும் இல்லை, உடல் கணக்கும் கூட.

ஒரு பெரியவர் ஒரு நாளைக்கு எடுக்கும் சோடியம் 2000 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராம். லிட்டருக்கு 1100 மி.கி. சோடியம் உள்ள தண்ணீரில் 250 மில்லி குடித்தால் 275 மி.கி. உள்ளே போகிறது. ஏறக்குறைய 0.7 கிராம் உப்பு. ஒரு லிட்டர் குடித்தால் அன்றைய அளவில் பாதிக்கு மேல் தண்ணீரிலேயே தீர்ந்தது.

காபிக்கு முன் ஒரு வாய் குடிப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் "ஹெல்த்தி" என்று நம்பி நாள் முழுக்கக் குடிக்கும் ரத்தக்கொதிப்பு நோயாளிக்கு? இதயம் பலவீனமாகி, ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தச் சொல்லி அனுப்பியவருக்கு? சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டு பாட்டிலில் உப்பைக் குடித்தால் மாத்திரை என்ன செய்யும், சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு லேபிள் விதியே இருக்கிறது. லிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழ் சோடியம் இருந்தால்தான் "சோடியம் குறைந்த உணவு முறைக்கு ஏற்றது" என்று போடலாம். 200 மி.கி.க்கு மேல் இருந்தால் அது சோடியம் உள்ள தண்ணீர். 600 மி.கி.க்கு மேல் பைகார்பனேட் இருந்தால் பைகார்பனேட் தண்ணீர். இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த நாட்டு பாட்டிலையும் நீங்களே எடை போடலாம்.

"கிளப் சோடா" என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம். சிலவற்றில் சோடியம் உப்புகளைச் சேர்த்தே தயாரிக்கிறார்கள். பொருட்கள் பட்டியலைப் படியுங்கள்.

அடுத்து, உடல்நலப் பெருமைகள்.

"காபி உடம்புத் தண்ணியை உறிஞ்சிடும்."

ஒரு எஸ்பிரெசோவில் சுமார் 60 மி.கி. காஃபின். ஏற்கனவே காபி பழக்கம் உள்ள 50 ஆண்களை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. சில நாட்கள் தினம் நான்கு கப் காபி, சில நாட்கள் அதே அளவு தண்ணீர். உடலின் நீர்ச்சத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தாகம் எடுத்தால் தண்ணீர் குடியுங்கள். காபிக்குப் பிராயச்சித்தமாகக் குடிக்க வேண்டியதில்லை.

"ஆல்கலைன், ரத்தத்தோட ஆசிடைக் குறைக்கும்."

ரத்தத்தின் பிஹெச் 7.35 முதல் 7.45 வரை. அதை நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகக் காவல் காக்கின்றன. ஒரு கிளாஸ் தண்ணீர் அதை அசைத்துவிடும் என்றால் நாம் யாரும் உயிரோடு இருக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், வாயு ஏற்றிய தண்ணீர் தன்னளவில் லேசான அமிலம்!

"ஜீரணத்துக்கு நல்லது."

இதற்கு ஆய்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2002-இல் இத்தாலியில் அஜீரணமும் மலச்சிக்கலும் உள்ள 21 பேரிடம் சிறிய ஆய்வு ஒன்று நடந்தது. குமிழித் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது. ஆனால் அவர்கள் குடித்தது தினமும் ஒன்றரை லிட்டர், அதுவும் குறைந்தது 15 நாட்கள். நீங்கள் காபிக்கு முன் குடிப்பது 60 மில்லி. அந்த ஆய்வைக் காட்டி இந்தக் கிளாஸை விற்கலாமா?

மறுபக்கம் பயமுறுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சோடா எலும்பை அரிக்கும்" என்று பரவும் செய்தியும் சரியில்லை. 2006-இல் வெளியான ஃப்ராமிங்காம் ஆய்வில், பெண்களின் எலும்பு அடர்த்திக் குறைவோடு தொடர்பு காணப்பட்டது கோலா பானங்களுக்குத்தான். மற்ற குமிழிப் பானங்களுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. பல் எனாமலுக்கும் வெறும் குமிழித் தண்ணீரால் வரும் பாதிப்பு இனிப்பு பானங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு வாயுவும் ஒத்துக்கொள்ளாது, காபியும் ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு அப்படி என்றால் விட்டுவிடுங்கள்.

இந்த மருந்துப் பெருமை இன்று நேற்று வந்ததல்ல. தண்ணீரில் வாயு ஏற்றும் முறையைக் கண்டுபிடித்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1772-இல் அது பற்றி நூல் வெளியிட்டபோது, கடற்பயணிகளின் ஸ்கர்வி நோயை இது தடுக்கும் என்று நம்பினார். எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வியைக் குணமாக்குவதை ஜேம்ஸ் லிண்ட் 1747-லேயே பரிசோதித்துக் காட்டியிருந்தார். வாயுத் தண்ணீரில் வைட்டமின் சி கிடையாது. ஆக, சோடாவின் முதல் மருத்துவ விளம்பரமே தப்பு!

"சரி டாக்டர், ஒரு கிளாஸ் தண்ணிக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

சொல்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

"குமிழித் தண்ணீர் வயிற்றைச் சரி செய்யும்" என்ற நம்பிக்கை கஃபேயோடு நிற்பதில்லை. அதே நம்பிக்கைதான் நம் ஊரில் பெட்டிக்கடை வரைக்கும் இருக்கிறது. நெஞ்சை அடைக்கிறதா? வாயுப் பிடிப்பு. ஒரு சோடா குடி, ஏப்பம் வந்தால் சரியாகிடும்.

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் எந்த மருத்துவரையும் கேளுங்கள். "கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சேன் சார், கொஞ்சம் படுத்துப் பார்த்தேன் சார்" என்ற வசனத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். மாரடைப்பில் அடைபட்ட ரத்தக்குழாய்க்கு அந்த நேரம்தான் உயிர். நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். ஏப்பம் வந்ததால் வலி குறைந்தது போலத் தெரிந்தாலும் அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

நடு நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்குதல், காரணமில்லாத குமட்டல். இவற்றில் எது வந்தாலும் சோடாக் கடைக்குப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே போங்கள். "இதயம் காப்போம்" திட்டத்தில் 2023 முதல் மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் அங்கேயே தருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளும் பெண்களும் கூடுதல் கவனமாக இருங்கள். உங்களுக்கு வலி இல்லாமலேயே, வெறும் "கேஸ்" மாதிரியே வரலாம்.

குமிழித் தண்ணீரை மருந்து என்று சொல்லாதீர்கள் என்று நான் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

இப்போது உங்கள் எஸ்பிரெசோவுக்கு வருவோம். நான் சொல்வது இவ்வளவே.

✅ சோடியம் லிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழ் இருந்தால் மிகவும் நல்லது. 200-ஐத் தாண்டினால் ரத்தக்கொதிப்பு, இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

✅ பைகார்பனேட் 600-க்குக் கீழ் இருக்கட்டும். குறையக் குறையக் காபியின் ருசி தெளிவாகத் தெரியும்.

✅ எலுமிச்சை, புதினா, இனிப்பு எதுவும் சேர்க்காத வெறும் தண்ணீராக இருக்கட்டும்.

✅ காபிக்கு முன் இரண்டு மடக்கு குடியுங்கள். காபியின் ருசி வாயில் நிற்க வேண்டும் என்றால், குடித்த உடனே தண்ணீரால் அதைக் கழுவிவிடாதீர்கள்.

இதற்கு மேலும் "இல்ல டாக்டர், என் பிராண்ட்தான் பெஸ்ட்" என்பவர்களுக்கு ஒரு வேலை. மூன்று தண்ணீர் வாங்குங்கள். ஒன்று விலை உயர்ந்தது, ஒன்று உள்ளூர் சோடா, ஒன்று வீட்டுக் குடிதண்ணீர். மூன்றும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும். குமிழி கண்ணில் படாத டம்ளர்களில் வேறு யாராவது ஊற்றித் தரட்டும். ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு வாய் காபி குடித்து, எது பிடித்தது என்று எழுதிவைத்துவிட்டுப் பிறகு பெயரைக் கேளுங்கள்.

விலை உயர்ந்ததே பிடித்திருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். அது உங்கள் நாக்கு, உங்கள் காசு. உள்ளூர் சோடா ஜெயித்தால் மிச்சமான காசில் இன்னொரு காபி குடிக்கலாம்.

ஆனால் ருசியை ருசி என்றே சொல்லுங்கள். மருந்து என்று சொல்லாதீர்கள்.

நெஞ்சு வலித்தால் 108.