அலறும் கார்களைக் கேட்க ஆள் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். கார்களுக்கு அலாரம் மாட்டுவதும் என் பிழைப்பில் ஒரு பகுதிதான். ஆகவே, கார் வைத்திருப்பவர்கள் மேல் உள்ள வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று இந்தக் கடிதத்தை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சனிக்கிழமை இரவானால் காரில் வந்து இறங்கிவிடுகிறார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் பழைய தெருக்களில் கார் நிறுத்த இடம் ஏது? மாமியார் வீட்டுக்கு வந்தவர் இரண்டு தெரு தள்ளி, யார் வீட்டு வாசலிலோ காரை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறார். நடுராத்திரியில் கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று சாலையில் போகும். தரை லேசாக அதிரும். அவ்வளவுதான், கார் கத்த ஆரம்பித்துவிடும். முதலில் போலீஸ் வண்டிச் சத்தம், பிறகு ஆம்புலன்ஸ், பிறகு ஏதோ பறவை கீச்சிடுவது போல் ஒன்று என்று ஆறு விதமாகக் கத்தி ஓய்ந்து, அடுத்த லாரிக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். தெருப் பிள்ளைகளுக்கு அந்த ஆறும் வரிசை மாறாமல் மனப்பாடம். கைக்குழந்தை வீறிடும், நாய்கள் சேர்ந்துகொள்ளும், ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து அப்போதுதான் தலை சாய்த்த பெண் எழுந்து உட்கார்ந்திருப்பாள். எல்லா வீட்டிலும் லைட் எரியும். திருடனைப் பிடிக்க மட்டும் ஒருவரும் வெளியே வர மாட்டார்கள். காருக்குச் சொந்தக்காரரோ, ரிமோட் சட்டைப் பையில் கிடக்க, சட்டை ஆணியில் தொங்க, ஃபேன் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

யாரும் எட்டிப் பார்க்காத அலாரத்தால் யாருக்கு என்ன பாதுகாப்பு? அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இழப்பீட்டுக் கணக்குகளை அலசும் ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிடியூட் 1997-லேயே சொல்லிவிட்டது: அலாரம் உள்ள கார்களில் திருட்டு இழப்பு மொத்தத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை என்று. திருடனை உண்மையில் தடுப்பது சத்தமே போடாத இம்மொபிலைசர்தான். சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். அதன் குறியீடு பொருந்தாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். நம் ஊரில் இப்போது விற்கும் கார்களில் பெரும்பாலானவற்றில் இது கம்பெனியிலிருந்தே வருகிறது. அதற்கு மேல் காசு கொடுத்துத் தனியாக ஒரு சைரனை மாட்டிக்கொண்டு வருகிறார்கள்!

கம்பெனி அலாரத்தால் இவ்வளவு தொல்லை இல்லை. பெரும்பாலும் அது கதவு, பானெட், டிக்கி இவற்றின் சுவிட்சை மட்டும் கவனிக்கும். கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானே அடங்கும். வெளியில் மாட்டும் அலாரத்தில்தான் ஷாக் சென்சார் என்று ஒன்று உண்டு. டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் இருக்கும். அதில் ஒரு குட்டித் திருகு. வாங்க வந்தவர் பானெட்டை விரலால் தட்டிப் பார்ப்பார். கார் உடனே அலறினால்தான் அவருக்குத் திருப்தி. கடைக்காரரும் திருகை முழுசாக ஏற்றி அனுப்பிவிடுவார். அப்புறம் பூனை ஏறினாலும் சத்தம், இடி இடித்தாலும் சத்தம். சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதைக் கொஞ்சம் இறக்கி வைக்க ஒரு நிமிஷம் போதும். இதைச் சொல்லித் தருவார் இல்லை. மகன் வெளியூரில் இருக்க, வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் கார்கள் இன்னொரு ரகம். பேட்டரி இறங்கினாலும் கதவு சுவிட்ச் துருப்பிடித்தாலும் தானாகவே கத்தும். சில சைரன்களுக்கு உள்ளேயே தனி பேட்டரி இருப்பதால் கார் பேட்டரியைக் கழற்றினாலும் அடங்காது. அதை நிறுத்தத் தனியாக ஒரு குட்டிச் சாவி கொடுப்பார்கள். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் விழிக்கிறார்கள்.

ரிமோட்டில் பட்டன் செல் தீர்ந்துபோனாலும் பதற வேண்டியதில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் சாவியால் கதவைத் திறந்து, சத்தம் கேட்டாலும் பொருட்படுத்தாமல், சாவியைப் போட்டு இக்னிஷனை ஆன் செய்தால் கம்பெனி அலாரம் உள்ள பெரும்பாலான கார்கள் அடங்கிவிடும். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் ரிமோட்டை அந்தப் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்த வேண்டும். வண்டி டெலிவரி கொடுக்கும்போது மாலை போட்டு போட்டோ எடுக்கிற நேரத்தில் இதையும் காட்டிவிடலாமே?

சட்டம் இல்லாமலா போயிற்று? குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பக்கத்தில் நின்று அளந்தால் சைரன் 100-ஐத் தாண்டும். ஆனால் அளக்கும் கருவியோடு அதிகாரி வருவதற்குள் அது ஓய்ந்திருக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 119, பல சுரம் மாறி ஒலிக்கும் ஹாரனையும், கிலியூட்டும்படி சத்தம் போடும் வேறெந்தக் கருவியையும் வண்டியில் பொருத்தவே கூடாது என்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. பிறகு ஆறு ராகச் சைரன் கடைகளில் எப்படிப் பகிரங்கமாகத் தொங்குகிறது? தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சேர்த்த 194எஃப் பிரிவும், வண்டியை ஓட்டும்போது அடிப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. நிறுத்திவிட்டுப் போன கார் விடிய விடிய அலறினால் அந்தப் பிரிவு அதன் பக்கம் திரும்பாது. சொந்த உபயோகக் கார் 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை மறுபடி எட்டிப் பார்க்கிறது. அதுவரை அதில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

நியூயார்க்கில் கார் அலாரம் மூன்று நிமிடத்துக்குள் தானே நின்றாக வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிகள் ஒரு தடவைக்கு அரை நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை. இங்கேயும் அப்படி ஒரு கால வரம்பு வைத்து, அதற்குள் அடங்காத சைரன்களை விற்கத் தடை போட வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டணம் அக்சசரிஸ் கடைகளில் போக்குவரத்துத் துறை சோதனை நடத்தட்டும். என்னைப் போன்றவர்களின் கடையிலிருந்தே ஆரம்பிக்கட்டும், ஆட்சேபம் இல்லை. இரவு ரோந்து வரும் போலீசார், அலறும் காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். கே.ஏ. பதிவெண், வேறு மாநிலத்துக் கார் என்று கைவிரிக்க இப்போது வழியில்லை; இ-சலான் எல்லை தாண்டியும் போகும். ஒலி மாசுப் புகாரை எந்த அதிகாரியிடம், எந்த எண்ணில் சொல்வது என்பதை மாவட்ட நிர்வாகம் ஊருக்கு ஊர் தெரிவிக்க வேண்டும்.

தெருவில் விட்டுப் போகிற காரின் கண்ணாடியில் ஃபோன் நம்பர் எழுதி வைக்கச் சொல்லிப் பேரூராட்சியும் ஓர் அறிவிப்புச் செய்யலாம். அதை மட்டும் தயவுசெய்து ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வேண்டாம். நோட்டீஸ் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகரசம்பட்டி