அஞ்சலகத்தில் வளரும் பருவம்

பொழுதுபோக்கைச் செலவென்றும் சேமிப்பைக் கடமையென்றும் பிரித்துப் பார்க்கும் பெற்றோர், அவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் இந்திய அஞ்சலகத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 10 வயது நிறைந்த சிறார் அங்கே 500 ரூபாய் செலுத்தித் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தாமே இயக்கலாம். 18 வயதானதும் புதிய விண்ணப்பமும் அடையாளச் சான்றுகளும் அளித்து அதனை வயதுவந்தோர் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதால், சட்டம் வரையறுக்கும் முழுவயதுக்குள் நுழைவது அவர்களுக்கு ஒரு கையெழுத்தின் வழியே நிகழ்கிறது. அஞ்சல்தலை சேகரிப்போருக்கான வைப்புக் கணக்கு, அதாவது முன்பணம் செலுத்தியவருக்கு அவர் விரும்பிய புதிய அஞ்சல்தலைகளையும் வெளியீட்டு நாள் முத்திரையிட்ட முதல்நாள் உறைகளையும் அனுப்பி அவற்றின் விலையைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு, எதை வாங்குவது, எதை விடுவது என்னும் தெரிவை (வீட்டில் வழங்கப்படும் அறிவுரைகளைவிட நன்றாகவே) பழக்குகிறது. 2017இல் தொடங்கப்பட்ட தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டம், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் சேகரிப்பாளர்களில் தெரிவானோருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை வழங்குவது பாராட்டுக்குரியதே. எனினும், முந்தைய இறுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண்ணை அது கோருவது பொருந்தவில்லை. பாடநூலுக்கு வெளியே ஒரு சிறுமியோ சிறுவனோ தாமாகத் தேடிக்கொண்ட ஈடுபாட்டை மீண்டும் மதிப்பெண்ணாலேயே அளக்கும் அந்நிபந்தனையை அஞ்சல் துறை நீக்குவதே முறை.