திப்பு ஆட்சி மேலா, கும்பினி ஆட்சி மேலா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நவம்பர் வந்தால் போதும், ஓசூர் வாட்ஸ்அப் குழுக்களில் திப்பு சுல்தான் சண்டை ஆரம்பித்துவிடும். கர்நாடக அரசு 2015-இல் திப்பு ஜெயந்தி கொண்டாடத் தொடங்கி 2019-இல் நிறுத்தியது. ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டி வந்த சண்டை இங்கே நிற்கவில்லை. "மதவெறி பிடித்த ராஜாவை விட வெள்ளைக்காரனே மேல்" என்பது ஒரு கட்சி. "அந்நியனுக்கு அடிமையாக இருப்பதை விட நம் ராஜா எப்படி இருந்தாலும் மேல்" என்பது இன்னொரு கட்சி.

பல வருடம் சமூக அறிவியல் நடத்தியவன் என்பதால் என் கருத்தைச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்க நம் மாவட்டத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போனது. கிருஷ்ணகிரி அதில் சேர்த்தி. மேட்டில் இருந்த ஓசூரோ திப்புவிடமே இருந்தது. 1799 மே 4-ஆம் தேதி திப்பு கோட்டையில் சண்டையிட்டு இறந்த பிறகுதான் ஓசூரும் கும்பினி கைக்கு வந்தது. அதாவது ஏழு வருடம், இன்று பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் இரண்டு ஊர்கள் இரண்டு ஆட்சியில் இருந்தன.

முதலில் திப்புவைப் பார்ப்போம். குடகிலும் மலபாரிலும் கட்டாய மதமாற்றம் நடந்தது. 1784-இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றார்கள். இதை மூடி மறைப்பது நேர்மை இல்லை. அதே திப்பு, மராத்தியப் படையினர் 1791-இல் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது மடத்துக்குப் பணமும் பொருளும் அனுப்பினார். அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. அவருடைய முக்கிய மந்திரி பூர்ணையா ஒரு பிராமணர். என் பார்வையில், அடங்கிப் போனவருக்கு மானியம் கிடைத்தது, எதிர்த்தவரின் மதத்தின் மேல் கை வைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கையின் அடியை வாங்கிய குடகுக் குடும்பத்துக்கு சிருங்கேரிக் கடிதத்தால் என்ன ஆறுதல்?

இனி கும்பினி. பாராமகாலுக்கு அலெக்சாண்டர் ரீட் வந்தார், உதவிக்குத் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டது நம் மண்ணில்தான். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. கிஸ்தி வந்ததா என்று கேட்டார்கள். பின்னால் ரயிலும் பள்ளிக்கூடமும் வந்தன, மறுக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்போது நம் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. சேலம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் செத்தார்கள். அந்த வருடங்களிலும் தானியம் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்குப் போனவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்ட் தானியம் போதும் என்று நிர்ணயித்தார்கள். அரை கிலோ கூட இல்லை. அந்தச் சாவுக்குக் கணக்குக் கேட்க நம் ஆட்களுக்கு ஓட்டு இருந்ததா?

ஆக, அந்நிய ஆட்சி களத்துமேடு வரை வரும். மதக் கெடுபிடி ஆட்சி சமையலறை, பூஜை அறை, பெண்பிள்ளையின் புத்தகப் பை வரை வரும். இந்த வித்தியாசம் உண்மைதான். அதனால் ஒன்று நல்லது ஆகிவிடாது. இரண்டு பையன்களும் 35-க்குக் கீழே வாங்கியிருந்தால், 28 வாங்கியவனைப் பாஸ் போட முடியுமா?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த இரண்டு ஆட்சிகளும் எதிரெதிர் கட்சி போலத் தெரியும். உண்மையில் ஒன்றுக்கு ஒன்று கதவு திறந்துவிடும். திப்புவின் கொடுமை தாங்காமல் குடகு ராஜா தொட்ட வீரராஜேந்திரர் 1790-இல் கும்பினியோடு கைகோத்தார். காப்பாற்ற வந்த அதே கும்பினி 1834-இல் குடகையே விழுங்கியது.

ஆப்கானிஸ்தானில் இது தலைகீழாக நடந்தது. 1979-இல் சோவியத் படை நுழைந்தது. அதை எதிர்த்த போரிலும், பிறகு வந்த உள்நாட்டுச் சண்டையிலும்தான் தாலிபானுக்கு இடம் கிடைத்தது. 1996-இல் காபூலைப் பிடித்தார்கள். 2001-இல் அமெரிக்கா வந்து இருபது வருடம் இருந்தது. 2021-இல் அது கிளம்பியதும் மறுபடி தாலிபான். இன்று அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. நம் ஊரில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். அங்கே எந்த வகுப்பில் கதவு சாத்துகிறார்களோ அந்த வகுப்பிலிருந்துதான் இங்கே கணக்கே ஆரம்பிக்கிறது. ஒரு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் வேண்டாம்.

எனவே அடுத்த முறை "எது மேல்" என்று ஃபார்வர்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த ஆட்சியில் பெண்பிள்ளை படித்தாளா? பஞ்ச காலத்தில் ஏழைக்குச் சோறு கிடைத்ததா? ஆள்பவனை எதிர்த்துக் கேட்டவன் வீடு திரும்பினானா? இன்றைய ஆட்சிகளையும், கட்சி பார்க்காமல், இதே கேள்விகளால் அளந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது. சிப்காட் வந்த பிறகு இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. 1799-இல் செத்துப்போன ஒரு சுல்தானுக்காக, இன்று பாகலூர் ரோட்டில் டூவீலர் பழுது பார்க்கும் ஒரு பாய் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? மன்றோவுக்காக நம் சர்ச் தெருக்காரர்களை யாராவது கேட்கிறோமா?

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். திட்டுவதாக இருந்தால் மட்டும், தயவுசெய்து எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள்.