கடவுள் பாதமும் மனிதன் பாதமும்

இலங்கையில் ஒரு மலையுச்சியில் பாதம்போல் ஒரு குழி இருக்கிறது. புத்தர் பாதம் என்கிறான் பவுத்தன். சிவன் பாதம் என்கிறான் சைவன். ஆதாம் பாதம் என்கிறான் முஸ்லிம். கிறிஸ்தவர்களில் சிலர் தோமையர் பாதம் என்றார்கள். பாதம் ஒன்று, பாத்தியதை கொண்டாடுகிறவர் நால்வர்! ருசு என்னவென்றால் நால்வரும் சொல்லுவது, ‘நம்பு’ என்பதுதான்.

இனி வேறு பாதங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாகாணத்தில் ஒயிட் சாண்ட்ஸ் என்னுமிடத்தில், பழைய ஏரிக்கரைச் சேற்றில் மனிதர் நடந்த சுவடுகள் அடுக்கடுக்காய்ப் புதைந்து கிடந்தன. பெரும்பாலும் சிறுபிள்ளைகளின், வாலிபர்களின் கால்கள். அந்த மண் அடுக்குகளிலிருந்த நீர்ப்பூண்டின் விதைகளைக் கொண்டு கணக்கிட்டதில் 21,000 முதல் 23,000 வருஷம் என்று ஏற்பட்டது. இது 2021-ல் வெளியாயிற்று.

20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பண்டிதர்கள் சொல்லிவந்தது வேறு. பனியுகத்தில் நீரெல்லாம் பனிக்கட்டியாய் நிலத்தின்மேல் குவிந்ததால் கடல் சுமார் 400 அடி தாழ்ந்து, ஆசியாவின் வடகிழக்கு மூலைக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே தரை தெரிந்தது. அவ்வழியே வேட்டைக்காரர் வந்து சேர்ந்து சுமார் 13,000 வருஷமாகிறது என்றார்கள். அதற்கும் முந்தி என்று சொன்னவர்களைப் பரிகசித்தார்கள். ஆராய்ச்சிக்காரரிடத்தும் மடாதிபதிப் புத்தி கொஞ்சம் உண்டு என்பதை நாம் மறைப்பானேன்?

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். 2021 கணக்கையும் சிலர் ஆட்சேபித்தார்கள். நீர்ப்பூண்டு தண்ணீரிலுள்ள பழைய கரியை உறிஞ்சுமாதலால் வயதைக் கூட்டிக் காட்டும் என்றார்கள். நியாயமான ஆட்சேபணைதான். சுவடு கண்டவர்கள் இதற்காக யாரையும் ‘நாஸ்திகன்’ என்று வையவில்லை, ஜாதிப்பிரஷ்டம் செய்யவுமில்லை. தரையில் வளரும் ஊசியிலை மரங்களின் மகரந்தத்தைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். மண்ணிலுள்ள பளிங்குப் பொடி கடைசியாக வெயில் கண்டது எப்போது என்றும் சோதித்தார்கள். 2023-ல் விடை வந்தது, அதே காலந்தான். இன்னும் ஒப்பாதவர் உண்டு. அவர்களும் சோதித்துச் சொல்லட்டும்.

இப்படி வந்தவர்களின் சந்ததியாரைத்தான் 1492-க்குப் பிறகு வெள்ளையர் அடிமை கொண்டார்கள். இவர்கள் மனிதர்தானா என்று சந்தேகம் கிளப்பி, 1537-ல் போப் மூன்றாம் பால் ‘மனிதரே’ என்று உத்தரவு போடவேண்டி வந்தது! நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்னும் கதை நம் வீட்டுச் சரக்கு. உலகத்து மனிதர் அனைவருக்கும் மூதாதையர் ஆப்பிரிக்காவில் இருந்தவர்களே. ஒயிட் சாண்ட்ஸ் சேற்றில் இருப்பதும் குதிகாலும் ஐந்து விரலுந்தான். வருணம் எந்தச் சுவட்டிலும் பதியவில்லை.

அக்காலத்தில் கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடிக் குறுக்கே கிடந்ததே, உள்ளே வந்தது எப்படி? வழி அடைபடுமுன்னா, கடலோரமாய்ப் படகிலா? அதைத்தான் இப்போது தோண்டித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.